பிளே ஸ்கூல்ல ஊசி அட்டை கேக்கறாங்க, இல்லீன்னா சேத்த மாட்டாங்களாமா?

#1 நொய்யல்கரை, திருப்பூர்

வணக்கமுங்க. பாப்பாவுக்கு மூணு வயசு ஆகப்போகுது. வர்ற ஜூன்ல சேத்தலாம்னு வீட்டுப் பக்கத்துல ஒரு பிளே ஸ்கூல்ல பாரம் வாங்கிட்டு வந்தோம் (பேரு வேண்டாமுங்க). பொறந்த சர்ட்டிபிகேட், ஆதார், போட்டோ எல்லாம் கைல இருக்குது. கடைசியில தனியா ஒரு தாள் வெச்சிருக்காங்க, தடுப்பூசி விவரம், டாக்டர் கையெழுத்து, சீலோட வேணும்னு. பிசிஜி (காசநோய் ஊசி), போலியோல ஆரம்பிச்சு சின்னம்மை, டைபாய்டு, மஞ்சக்காமாலை ஏ, வருசா வருசம் போடற ப்ளூ காய்ச்சல் ஊசி வரைக்கும் கட்டம் கட்டமா இருக்குது. எல்லாக் கட்டமும் நெரம்பலீன்னா அட்மிசன் இல்லைன்னு ரிசப்சன்ல இருந்த அம்மணி கறாராச் சொல்லிப்போட்டாங்க.

பிரச்சனை என்னன்னா, பாப்பா பொறந்தது தாராபுரத்துல அம்மா வீட்டுல இருந்தப்ப. மொத ஊசியெல்லாம் அங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல. பொறகு திருப்பூர் வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில. ஒம்போதாம் மாச ஊசி போட்டது நல்லா நெனப்பிருக்குது. ஒன்றரை வயசு ஊசி போட்டமா இல்லையான்னு வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டையே வந்துருச்சு. அட்டை வீடு மாத்தறப்ப எங்கயோ போயிருச்சு.

இது சட்டமா, இல்ல அவங்களா வெச்சுக்கறதா? அட்டை திரும்ப வாங்க முடியுமா? சின்னம்மை ஊசியெல்லாம் கட்டாயமா? என்ற மாமியார் வேற, “அம்மைக்கு ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்குவா”ங்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கொடுமுடிக்காரி

எங்க பையனுக்கும் கேட்டாங்க. ஜெராக்ஸ் குடுத்தோம், வாங்கி பைல்ல வெச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான். யாரும் தொறந்துகூடப் பாக்கல. ரொம்ப பயப்படாதீங்க கண்ணு.

#3 பெருந்துறை செவிலியர்

கிராம சுகாதார செவிலியரா வேலை பாக்கறனுங்க. அட்டை போனா ஊசி போனதா அர்த்தமில்லை. தாராபுரத்துல உங்க அம்மா வீடு எந்தத் துணை சுகாதார நிலையத்துக்குக் கீழ வருதோ, அங்க நர்ஸம்மாகிட்டப் பதிவேடு இருக்கும். நீங்க மாசமா இருந்தப்ப பதிஞ்ச பிக்மி நம்பர் இருக்குதுல்லங்க, பொறப்புச் சான்று வாங்கறதுக்குக்கூடக் கேட்டிருப்பாங்களே, அத எடுத்துட்டுப் போங்க. அத வெச்சுத் தேடுனா தேதியோட வந்துரும். நம்பர் ஞாபகமில்லைன்னா முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் வாங்கின பேப்பர் வீட்டுல இருக்கான்னு பாருங்க. அந்தப் பணத்துல கடைசித் தவணை குழந்தைக்கு ஊசி போட்டத வெச்சுத்தான் குடுப்பாங்க. அதனால உங்களுக்கு அந்தத் தவணை ஏறியிருந்தா ஊசி ஏறுனதுக்கு அதுவே சாட்சி மாதிரி.

தனியார்ல போட்டதுக்கு அந்த ஆஸ்பத்திரியிலதான் கேக்கோணும். இப்பெல்லாம் யூ-வின்ல (அரசோட ஊசிப் பதிவு இணையதளம்) ஏத்திர்றாங்க, போன் நம்பரப் போட்டா சான்றிதழ் எறக்கிக்கலாம். உங்க பாப்பா பொறந்தப்ப அது முழுசா வந்திருக்காது.

ஒன்றரை வயசு ஊசி சந்தேகம்னா சண்டை போடாதீங்க, ஊசி போடற நாளான புதன்கிழமை காலையில சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வாங்க.

#4 மண்வாசம்

அதென்னங்க, எல்லாரும் ஆட்டு மந்தையாட்ட போய் வரிசையில நிக்கறீங்க. எங்க அப்பாரு ஒரு ஊசி போட்டதில்ல. காட்டு வேலை, கம்மங்கூழு, கொள்ளுப் பருப்பு. எம்பது தாண்டியும் கெணத்துல எறங்குவாரு. இப்பப் பொறக்கற பொடுசுகளுக்கு ஒரு வயசுக்குள்ள எத்தன குத்து? ஊசியில பாதரசம் இருக்குதுன்னு படிச்சிருக்கேன். ஆட்டிசம் வருதுன்னு வெளிநாட்டுலயே சொல்றாங்க. பள்ளிக்கூடம் யாரு எம் பிள்ள ஒடம்பப் பத்திக் கேக்க? அந்தத் தாளக் கிழிச்சு மூஞ்சில எறிஞ்சிட்டு வேற பள்ளிக்கூடம் பாருங்க.

#5 நாமக்கல் கோழிப்பண்ணை

@மண்வாசம் அண்ணா, நம்மூருப் பக்கம் எந்தப் பண்ணைக்காரனாச்சும் ராணிக்கெட்டுக்கு (வெள்ளைக்கழிச்சல் நோய்) ஊசியோ சொட்டு மருந்தோ போடாம கோழி வளத்துறானா? மொத வாரத்துலயே லசோட்டாங்கற சொட்டு மருந்து. தேதி தப்புனா பயந்து கெடப்பான். கொட்டகைக்குள்ள வெளியாள் வந்தா கால மருந்துத் தண்ணியில நனைச்சுட்டு வான்னு சொல்லுவான். வெள்ளைக்கழிச்சல் ஒரு கோழிக்கு வந்தா மிச்சம் நிக்காதுன்னு தெரியும். பிளே ஸ்கூல்னா என்ன, ஒரே ரூம்ல முப்பது பொடுசு மூக்கொழுகிட்டு ஒரே பொம்மைய வாயில வெக்கறதுதான? கோழிக்கு இருக்கற மரியாதை பிள்ளைக்கு இருக்கட்டும்.

#6 மண்வாசம்

கோழிய அம்பது நாள்ல அறுக்கறீங்க. பிள்ளையையுமா?

#7 நாமக்கல் கோழிப்பண்ணை

நம்முளுது முட்டைக் கோழிங்ணா. ஒன்றரை வருசம் வெச்சுப் பாக்கறோம்.

#8 மட்டுறுத்துநர்

கோழிச் சண்டை போதும். எந்தப் பள்ளி, எந்த ஆஸ்பத்திரி பேரும் போட வேண்டாம். மேல பேசுங்க.

#9 ஈரோடு குழந்தை டாக்டர்

கேள்வி நல்ல கேள்விங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அந்தத் தாள்ல இருக்கற குழப்பம் இதுதான். நம்ம நாட்டுல ரெண்டு பட்டியல் ஓடுது. ஒண்ணு அரசுப் பட்டியல், 1985-ல இருந்து வர்ற அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம். இன்னொண்ணு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் தர்ற பட்டியல், நாங்க தனியார் கிளினிக்ல பின்பற்றறது. அரசுப் பட்டியல்ல பொறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. 6, 10, 14 வாரத்துல பென்டாவேலன்ட் (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி), போலியோ, ரோட்டா (வயித்துப்போக்குக்கு). இந்த மூணுல மொதலும் கடைசியுமா ரெண்டு தடவை நிமோனியா ஊசியும், தோலுக்குள்ளயே போடற போலியோ ஊசியும் சேரும். ஒம்போது மாசம் முடிஞ்சதும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, கூட அந்த நிமோனியா ஊசியும் போலியோ ஊசியும் இன்னொரு தடவை. 16-ல இருந்து 24 மாசத்துக்குள்ள அதுவே ரெண்டாம் தடவை, கூட டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர், போலியோ. 5-6 வயசுல இன்னொரு டிபிடி. 10 வயசு, 16 வயசுல டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்). எல்லாமே இலவசம்.

சின்னம்மை, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, ப்ளூ எல்லாம் சங்கத்துப் பட்டியல்ல இருக்கறது. நல்ல ஊசிகதான், காசு இருந்தா போடுங்கன்னு நானே சொல்லுவேன். ஆனா அரசாங்கமே கேக்காத ஊசியை, ஆயிரக்கணக்குல செலவாகறத, சேர்க்கைக்கு நிபந்தனையா வெக்கறது எனக்கு ஒப்பல. பனியன் கம்பெனியில பீஸ் ரேட்டுக்குத் தைக்கற குடும்பம் அதுக்கு எங்க போகும்? பள்ளிக்கூடம் அரசுப் பட்டியலைக் கேக்கட்டும், அழுத்தியே கேக்கட்டும். மிச்சத்தப் பெத்தவங்களுக்கு விட்டுரட்டும்.

ஏன் அழுத்திக் கேக்கணும்கறேன்னா, தட்டம்மை. நம்ம பக்கம் மணல்வாரின்னு சொல்லுவாங்க. பாதுகாப்பில்லாத பத்துப் பேரு ஒரு நோயாளிகிட்ட இருந்தா ஒம்போது பேருக்கு ஒட்டும். இருமுன பையன் ரூம விட்டுப் போன பின்னாடியும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் கிருமி காத்துல நிக்கும். அத நிறுத்தோணும்னா நூத்துக்கு 95 பேருக்காச்சும் ரெண்டு ஊசியும் போட்டிருக்கணும். ரூபெல்லா பிள்ளைகளுக்கு லேசா வந்து போயிரும். ஆனா அந்தப் பிள்ளைய எடுக்க வர்ற அம்மாவோ, டீச்சரோ மாசமா இருந்து அவங்களுக்கு ஒட்டுச்சுன்னா, வயித்துல இருக்கறதுக்குக் கண்ணு, காது, இருதயம் எது வேணாலும் போகலாம். ஆம்பளப் பசங்களுக்கு எதுக்கு ரூபெல்லான்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

@மண்வாசம் உங்க ரெண்டு கேள்விக்கும். பாதரசம்: பல பேருக்குப் போடற குப்பியில கெடாம இருக்கறதுக்கு தயோமெர்சால்னு மிகக் கொஞ்சம் சேக்கறது உண்டு, பென்டாவேலன்ட்ல அது இருக்கும். அது எத்தில் வகை, ஒடம்பு சீக்கிரம் வெளிய தள்ளிரும். மீன்ல சேர்ற மெத்தில் வகை வேற. தட்டம்மை-ரூபெல்லா ஊசியில அது அறவே கெடையாது, உயிருள்ள கிருமியத்தான போடறோம், தயோமெர்சால் கலந்தா அந்தக் கிருமி செத்துப்போகும். ஆட்டிசம்: எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் ஒரே ஊசி) போட்டா ஆட்டிசம் வருமோன்னு 1998-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரே ஒரு கட்டுரை, பன்னெண்டு பிள்ளைகள வெச்சு எழுதினது. 2010-ல அந்த இதழே அத வாபஸ் வாங்கிருச்சு, எழுதுன ஆண்ட்ரூ வேக்பீல்டோட டாக்டர் பதிவையும் நீக்கிட்டாங்க. டென்மார்க்ல 6,57,461 பிள்ளைகளப் பாத்து 2019-ல வெளியிட்டாங்க, ஊசி போட்டவங்க, போடாதவங்களுக்கு நடுவுல ஆட்டிசத்துல வித்தியாசமே இல்லை.

உங்க அப்பாருக்கு ஆயுசு கெட்டி, சந்தோசம். அவரோட பொறந்தவங்க எத்தன பேரு, அதுல அஞ்சு வயசு தாண்டுனவங்க எத்தன பேருன்னு அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க.

#10 மண்வாசம்

கேட்டங்க. ஏழு பேரு. நாலு பேரு இருந்தாங்களாம்.
ஆனாலும் பள்ளிக்கூடம் மெரட்டறது தப்புத்தான். அதுல மாற மாட்டேன்.

#11 பவானி வக்கீல்

அந்தக் கடைசி வரியில் நானும் உங்களோடு பாதி நிற்கிறேன்.

தடுப்பூசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. மாறாக, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குப் படிப்பை உரிமையாகத் தருகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதன் 14-ஆவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்றுக்கே அப்படி என்றால் ஊசி அட்டைக்கு எப்படி? ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பினால் கல்வி அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம்.

பிளே ஸ்கூல் கதை வேறு. மூன்று வயதுப் பிள்ளை அந்த 6–14 வயது வரம்புக்குள் வராது. தனியார் தன் நிபந்தனையை வைக்கிறார். பிடிக்காவிட்டால் வேறு இடம் என்பார். அங்கே சட்டம் பேசுவதைவிட, நேரில் போய் “அரசுப் பட்டியல்படி போட்டிருக்கிறோம், விட்டுப்போனதை இந்தத் தேதிக்குள் போட்டுவிடுவோம்” என்று எழுதிக் கொடுப்பது வேலைக்கு ஆகும். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், அவர்களுக்கும் சீட் நிரம்ப வேண்டுமே.

இன்னொன்று. 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. உடல் அவரவருடையது, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு அதைக் காக்கிறது என்றது. அது கொரோனா ஊசி பற்றிய வழக்கு. பலரும் அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பொது நலனுக்காக நியாயமான அளவில் கட்டுப்பாடு வைக்க அரசுக்கு இடமுண்டு என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

#12 டல்லாஸ் கோயமுத்தூரான்

இங்க அமெரிக்காவுல வேற மாதிரிங்க. அம்பது மாநிலத்துலயும் பள்ளிக்கூடத்துக்கு ஊசி சட்டமே இருக்குது. இன்னைக்கு வந்ததில்ல. பெரியம்மைக் காலத்துல இருந்தே. 1922-லயே சான் ஆன்டோனியோவுல ஊசி போடாத பொண்ண ஸ்கூல்ல சேத்தல, அந்த வழக்கு மேல் கோர்ட் வரைக்கும் போயி ஸ்கூல் பக்கம்தான் தீர்ப்பாச்சு.

எங்க டெக்சஸ்ல கிண்டர்கார்டனுக்கு டிபிடி வகை அஞ்சு, போலியோ நாலு, எம்எம்ஆர் ரெண்டு, ஹெபடைடிஸ் பி மூணு, சின்னம்மை ரெண்டு, ஹெபடைடிஸ் ஏ ரெண்டு. ஏழாங் கிளாஸ் போறப்ப டிடாப் (பெரிய பிள்ளைகளுக்கான டிபிடி வகை பூஸ்டர்), மெனிஞ்சைடிஸ் ஊசி. ஒவ்வொண்ணுலயும் ஒரு டோஸாச்சும் போட்டு, அடுத்ததுக்கு நாள் வரலைன்னா தற்காலிகமாச் சேத்திக்குவாங்க. மனசாட்சிக்கு ஒப்பலைன்னு எழுதிக் குடுத்து விலக்கும் வாங்கலாம், டெக்சஸ்ல அது உண்டு. கலிபோர்னியாவுல டிஸ்னிலேண்ட்ல தட்டம்மை பரவுன பொறகு 2015-ல சட்டம் போட்டு அந்த விலக்க எடுத்துட்டாங்க, டாக்டர் சொன்னா மட்டும்தான்.

விலக்கு வாங்கறது சும்மா இல்லைங்க. 2025-ல மேற்கு டெக்சஸ்ல கெய்ன்ஸ் கவுண்டில தட்டம்மை கெளம்பி மாநிலத்துல 762 பேருக்கு வந்துச்சு. ஊசி போடாத ரெண்டு ஸ்கூல் பிள்ளைக செத்துப்போச்சு. நோயாளிகூட இருந்த, ஊசி போடாத பிள்ளைகள 21 நாள் ஸ்கூலுக்கு வராதன்னு வீட்டுல உக்கார வெச்சாங்க.

எச்-1பி, எல்-1 வேலை விசாவுல வர்ற நம்மூர்க்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்மூர் அட்டையக் காட்டுனா எல்லாம் செல்லாது. ஒம்போது மாசத்துல போட்ட தட்டம்மை ஊசிய இங்க கணக்குல எடுக்க மாட்டாங்க, மொத பொறந்தநாளுக்குப் பொறகு போட்டதுதான் கணக்கு. நம்மூர் அரசுல போடறது எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா), அதுல பொன்னுக்கு வீங்கிக்கு மருந்தில்ல, இங்க எம்எம்ஆர் கேப்பாங்க. 2016 ஏப்ரலுக்கு அப்புறம் நம்மூர்ல குடுத்த போலியோ சொட்டும் கணக்குல வராது, அப்பத்தான் ரெண்டாம் வகைக் கிருமிய அதுல இருந்து எடுத்தாங்க. பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோல்ல டிபி டெஸ்ட் வெச்சா வீங்கித் தொலைக்கும், ரத்த டெஸ்ட் வைங்கன்னு கேளுங்க. எல்லாத்துக்கும் மேல தேதி. 04/08னு எழுதியிருந்தா இங்கத்த நர்ஸ் அத ஏப்ரல் எட்டுன்னு படிக்கும். மாசத்த எழுத்துல எழுதி வாங்கிட்டு வந்துருங்க.

#13 நொய்யல்கரை

அமெரிக்காவெல்லாம் நமக்கு எட்டாதுங்க, தாராபுரம் போறதே பெரும்பாடு. ஆனா பொன்னுக்கு வீங்கி பத்திச் சொன்னீங்களே, பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்து ரெண்டு தாடையும் வீங்கிருச்சு. டாக்டருங்க, அதுக்கு நம்மூர்ல என்ன பண்றது?

#14 ஈரோடு குழந்தை டாக்டர்

அரசுல அதுக்கு ஊசி இல்லீங்க. 2024 தொடக்கத்துல கேரளாவுலயும் தமிழ்நாட்டுலயும் அது நிறையவே வந்துச்சு. பெரும்பாலும் தானா அடங்கிரும், சில பேருக்குக் காது கேக்காமப் போறது, வயசுப் பசங்களுக்கு விதை வீங்கறதுன்னு வரும். காசு குடுத்துப் போடறதுல ஒண்ணே ஒண்ணு தேர்ந்தெடுக்கணும்னா எம்எம்ஆரச் சொல்லுவேன். உங்க பாப்பாவுக்கு ஒன்றரை வயசு ஊசி விட்டுப்போயிருந்தா அந்த எடத்துல எம்எம்ஆரே போட்டுக்கலாம். முடியாதுன்னா அரசு எம்ஆரப் போட்டுருங்க, தள்ளிப் போடாதீங்க.

#15 கோபி பாட்டி

ஆத்தா கோவிச்சுக்குவான்னு சொல்ற மாமியாருக்கு நான் பதில் சொல்றேன் சாமி. என்ற சின்ன வயசுல பெரியம்மை பாத்தவ நானு. எங்க வீதியில ஒரு புள்ளைக்குக் கண்ணு போச்சு. வேப்பந்தழை சொருகி, பதினாறு நாள் யாரும் வாசப்படி மிதிக்காம, தண்ணி ஊத்தித்தான் வெளிய உடுவாங்க. அந்த ஒதுக்கி வெக்கறதும் ஒரு வைத்தியந்தான. அப்பறம் ஊசிக்காரன் வந்தான், அழுதுட்டே போட்டுக்கிட்டோம், இன்னும் கைல தழும்பு இருக்குது. 1975-க்குப் பொறகு நம்ம நாட்டுல பெரியம்மையே இல்லைன்னு பேரன் படிச்சுச் சொன்னான். அதுக்காக ஆத்தா கோவிச்சுக்கிட்டாளா? பண்ணாரியில வருசா வருசம் பங்குனியில குண்டம் எறங்கறோம், கூட்டம் கொறைஞ்ச பாடில்லை. கோயமுத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயிலே இருக்குது. பிளேக் போயும் ஆத்தா அங்கயேதான் இருக்கறா. மாமியாரக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, அப்பிடியே புதன்கிழமை ஊசிக்கும் கூட்டிட்டுப் போ கண்ணு.

#16 சூலூர் வாத்தியார்

பாட்டி சொன்னதுக்கு மேல மாமியார் விசயத்துல சொல்ல ஒண்ணுமில்லை.

அரசுப் பள்ளியில இருந்து எழுதறேன். 2017 பிப்ரவரி ஞாபகம் இருக்குங்களா? ஒம்போது மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எல்லாருக்கும் எம்ஆர் ஊசி முகாம். தமிழ்நாடு, கர்நாடகா, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவுன்னு மொத கட்டமே இங்கதான். வாட்ஸ்அப்புல ஒரு ஆடியோ சுத்துச்சு, ஊசி போட்டா பிள்ளைக்குக் கை கால் வராது, பிள்ளைப்பேறு இருக்காதுன்னு. முகாம் அன்னைக்குப் பாதி வகுப்பு லீவு. சில தனியார் பள்ளிக முகாமே வேண்டாம்னு கேட்ட சாத்திட்டாங்க. இன்னைக்கு அதே மாதிரிப் பள்ளிக சீலோட அட்டை கொண்டான்னு கேக்குதுக. காலம் மாறுது, நல்லதுதான். அந்த முகாம மாசம் முடிஞ்சும் நீட்டிச்சாங்க, வீடு வீடாப் போயிப் பேசுனது செவிலியர்களும் அங்கன்வாடி டீச்சர்களும். @பெருந்துறை செவிலியர் மாதிரி ஆளுகளுக்கு யாரும் மாலை போடல.

அடுத்த வருசம் சத்தியமங்கலம் மலைப் பக்கம் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தலைகாட்டுச்சு. ஒழிஞ்சுபோச்சுன்னு நெனச்ச வியாதி. பாலூட்டற வயசுல அதுக்குப் போட்ட ஊசி அஞ்சாறு வயசு டிபிடி பூஸ்டரோட கூடித்தான் நிக்கும். அந்தப் பூஸ்டர நம்ம சனம் மறந்துர்றாங்க. பிள்ளை ஓடியாட ஆரம்பிச்சதும் அட்டை பீரோவுக்குள்ள போயிருது. அதனாலதான் நான் சொல்றது, ஒண்ணாங் கிளாஸ் சேத்தறப்ப அட்டை கேக்கோணும். கட்டாயம் கேக்கோணும். அந்த வயசுல விட்டுப்போனத அந்த வயசுலதான் புடிக்க முடியும்.

ஆனா கேக்கறது சேத்தறதுக்கு. வெளிய தள்ளறதுக்கு இல்லை. எங்க பள்ளியில செங்கச் சூளையில இருந்து, மில்லுல இருந்து வர்ற பீகார், ஒடிசாப் பிள்ளைக இருக்குதுக. அட்டை இல்லைன்னு திருப்பி அனுப்புனா அது போடாத ஊசியோட சூளைக்கே திரும்பிப் போகும், அங்க இன்னும் பத்துப் பிள்ளைகளோட இருக்கும். உள்ள சேத்துட்டு, பேர எழுதி வெச்சு, நடமாடும் மருத்துவக் குழு வர்றப்ப காட்டுனா வேலை முடிஞ்சுது. அட்டை இல்லாத பிள்ளைதான் மொத ஆளா உள்ள வரணும்கறது என் கட்சி.

#17 வெள்ளகோவில் அப்பா

எல்லாரும் உரிமை பேசறீங்க. என் பொண்ணு ரத்தப் புத்துநோய்க்கு மருந்து எடுத்துட்டு இருக்கறா. அவளுக்கு எம்ஆர், சின்னம்மை மாதிரி உயிர்க் கிருமி ஊசி இப்பப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. படிக்கணும்னு ஆசைப்படறா. அவ கிளாஸ்ல உக்கார்றது பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை ஊசி போட்டிருக்கான்னு நம்பித்தான். வகுப்புல ஒருத்தருக்கு அம்மை வந்தா ஒடனே எனக்குப் போன் பண்ணுங்கன்னு டீச்சர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். வாத்தியாரே, நீங்க சொல்றது நியாயந்தான். சேத்துட்டு எத்தன நாள்ல போடுவீங்கன்னு ஒரு கெடு வேணாமா?

#18 சூலூர் வாத்தியார்

வேணுமுங்க. நான் அத யோசிக்காமப் பேசல, எழுத விட்டுட்டேன். அடுத்த புதன்கிழமைதான் கெடு. அதுக்கு மேல இழுத்தா வீட்டுக்கே நர்ஸம்மாவ அனுப்பறது. உங்க பொண்ணு வகுப்பு மாதிரி இருந்தா பேர் எழுதற அன்னைக்கே ஊசியும் போடணும். அதுல நான் இளகிப் பேச மாட்டேன்.

#19 மண்வாசம்

@வெள்ளகோவில் அப்பா, இந்த விசயம் எனக்குத் தெரியாதுங்க. பாப்பா நல்லாகி வரட்டும். நம்ம சின்னவனுக்கு அஞ்சு வயசு ஊசி பாக்கி. அத்தோட நிறுத்திக்கறேன், ப்ளூ ஊசிக்கெல்லாம் வர மாட்டேன்.

#20 ஓவர்லாக்

திருப்பூர்ல ஒரு கம்பெனியில பிள்ளைகள் காப்பகம் பாத்துக்கற சூப்பர்வைசருங்க. முப்பது பொம்பள ஆளுக்கு மேல இருந்தா காப்பகம் வெக்கணும்னு பழைய பேக்டரி சட்டத்துலயே இருந்துச்சு, 2017-ல மகப்பேறு சட்டத்தத் திருத்தி அம்பது பேரு வேலை செய்யற எடம் எல்லாத்துக்கும் ஆக்கிட்டாங்க. காப்பகம் வெக்கறாங்க, ஆனா ஊசி அட்டை பத்தி யாரும் எங்களுக்கு ஒண்ணும் சொன்னதில்லை. ஆறு மாசக் கொழந்தையில இருந்து மூணு வயசு வரைக்கும் ஒரே பாயில படுக்குதுக. ஒம்போது மாசம் ஆகாததுக்கு வழக்கமா எம்ஆர் ஊசி போடறதில்லை, அதுக பக்கத்துல ஊசி போடாத பெருசுக. பிளே ஸ்கூல விட இங்கதான் அட்டை கேக்கணும்னு இப்பப் படிக்கறப்ப தோணுது.

எங்ககிட்ட வர்றதுல பாதி வடக்கத்தி ஆளுக பிள்ளைக. சில பேரு கிட்ட இந்தியில எழுதுன அட்டை இருக்குது, சில பேரு கிட்ட ஒண்ணுமே இல்லை. ரெண்டு வயசு ஆச்சு, ஒரு ஊசியும் போடல, இனிப் போட்டுப் பிரயோசனம் இல்லைன்னு ஒரு அம்மா சொல்றாங்க. அப்பிடிங்களா?

#21 பெருந்துறை செவிலியர்

இல்லீங்க, அப்பிடிச் சொல்லி யாரையும் விட்டுராதீங்க. லேட்டானா மொதல்ல இருந்து ஆரம்பிக்கற பழக்கமும் இல்லை, விட்ட எடத்துல இருந்து புடிச்சுக்கலாம். பிசிஜி, ரோட்டா, பென்டா மொத டோஸ் எல்லாம் ஒரு வயசுக்குள்ளதான் ஆரம்பிப்போம். ஒரு வயசு தாண்டிருச்சுன்னா பென்டாவுக்குப் பதிலா டிபிடி, அது ஏழு வயசு வரைக்கும் போடலாம். எம்ஆர் அஞ்சு வயசு வரைக்கும், போலியோ சொட்டும் அஞ்சு வரைக்கும். அந்த ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரே நாள்ல டிபிடி, எம்ஆர், சொட்டு மூணும் ஆகும், நாலு வாரம் விட்டு அடுத்தது. ஒரே நாள்ல ரெண்டு ஊசியான்னு அம்மா பயப்படுவாங்க, ஒண்ணு தொடையில, ஒண்ணு கையில, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. சாயந்திரம் காய்ச்சல் வரலாம், அதுக்கு மாத்திரை நாங்களே குடுத்தனுப்புவோம். பிள்ளைக்குச் சளி, லேசாக் காய்ச்சல் இருந்தாலும் போடலாம்.

#22 ஓவர்லாக்

அட்டை இந்தியில இருக்கறதுக்கு?

#23 பெருந்துறை செவிலியர்

தேதியும் ஊசி பேரும் தெரிஞ்சாப் போதுமுங்க, எங்க மேடத்துக்கு இந்தி தெரியும். பழைய அட்டையத் தூக்கிப் போட வேண்டாம்னு சொல்லுங்க, அத வெச்சுத்தான் புது அட்டையில ஏத்துவோம். ஒண்ணுமே இல்லைன்னா கைல பிசிஜி தழும்பு இருக்கான்னு பாத்துட்டு, மிச்சம் போடலைன்னே கணக்கு வெச்சு ஆரம்பிப்போம்.

எல்லாரையும் ஒண்ணாக் கூட்டிட்டு வாங்க, ஒவ்வொருத்தரா வேண்டாம். எம்ஆர் குப்பி கலக்கிட்டா நாலு மணி நேரந்தான் வெச்சிருக்க முடியும், பொறகு கொட்டிரணும். அதனால காலையில பத்து மணிக்குள்ள வந்துருங்க. ஊசி போட்டு அரை மணி நேரம் உக்கார வெப்போம், ஷிப்ட் ஆளுகளுக்கு மத்தியானம் வரைக்கும் பர்மிசன் வாங்கி வெச்சுருங்க.